பேஸ் பிரியர்களுக்கு எந்த ஹெட்போன்?

இளையராஜாவின் 1980களின் பாடல் ஒன்றைக் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். பேஸ் கிதார் காதில் விழும். எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு இறங்குகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த அடிச் சுரங்கள் அந்த ஸ்பீக்கரிலிருந்து வருவதே இல்லை. பேஸ் கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். கைபேசி ஸ்பீக்கர் அவ்வளவு கீழே ஏறக்குறைய ஊமை. அந்தச் சுரத்தின் மேலே அடுக்கடுக்காக எழும் துணை ஒலிகள் மட்டும்தான் காதுக்கு வந்து சேர்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு, அடியில் இருக்க வேண்டிய சுரம் இதுதான் என்று மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது.

அதே பாடலைக் காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போனில் கேட்டால், மூளை நிரப்பிக்கொண்ட சுரம் நிஜமாகவே காதுக்குள் வந்து இறங்குகிறது. பேஸ் பிரியர்கள் ஹெட்போனுக்காகச் செலவழிக்கத் தயங்காததற்கு இதுதான் காரணம். ஒரு நல்ல பேஸ் வாசிப்பை அதன் முழு ஆழத்தோடு கேட்ட பிறகு, திரும்பவும் மெலிந்த ஒலிக்குப் போக யாருக்கும் மனம் வராது.

சிக்கல் வாங்கும்போது தொடங்குகிறது. பெட்டியின் மேல் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று போட்டிருக்கும் இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தால், ஒரே பாடல் இரண்டு பாடலாகக் கேட்கிறது. ஒன்றில் டிரம் அடி ‘தொம்’ என்று விழுந்து நிற்கிறது. இன்னொன்றில் அடிக்கு அடி ‘கும்’ என்று பரவி, பாடகரின் குரல் மேலேயும் படர்கிறது. ஆகவே பேஸ் நிறைய இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த பேஸ், எவ்வளவு ஆழம் வரை, அடித்ததும் அடங்குகிறதா என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பொதுக் கணக்கு. இதில் 20 முதல் 60 வரையுள்ள பகுதியை சப்-பேஸ் என்கிறார்கள். அதற்கு மேல் 250 வரை மிட்-பேஸ். குத்துப்பாட்டில் நம்மை ஆட வைக்கும் அடியின் பலம் பெரும்பாலும் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808 என்ற டிரம் கருவியிலிருந்து ஹிப்-ஹாப் உலகம் எடுத்துக்கொண்ட நீண்ட முழக்கம் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே ஒலிக்கும். முதல் வகை ரசிகருக்கு மிட்-பேஸ் தூக்கலான ஹெட்போன் திருப்தி தரும். இரண்டாம் வகை ரசிகருக்கு அது எதையோ தவறவிட்டதுபோல இருக்கும். தனக்குப் பிடித்தது எது என்று தெரியாமல் விலைப்பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை.

ஹெட்போனுக்குள் ஒலியை எழுப்பும் பாகம் டிரைவர். நாற்பது மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு டிரைவர் எப்படி 30 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்புகிறது? அறையில் வைக்கும் அதே அளவு ஸ்பீக்கரால் அது முடியாது. அதிர்வெண் பாதியாகக் குறையும்போது அதே சத்தத்தைத் தர, ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். அதனால்தான் சப்-ஊஃபர்கள் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன. ஹெட்போனின் சூட்சுமம் வேறு. குஷன், காது, டிரைவர் மூன்றுக்கும் நடுவே கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கிறது. டிரைவர் அந்தக் காற்றை அழுத்தினால், அழுத்தம் அப்படியே செவிப்பறைக்குப் போகிறது. அறை முழுக்க உள்ள காற்றை அசைக்க வேண்டிய வேலை இல்லை. அடைப்பு சரியாக இருந்தால் 20 ஹெர்ட்ஸ்கூடச் சாத்தியம்.

ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்த அடைப்பில்தான். குஷனுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுந்தாலும் முதலில் வெளியேறுவது தாழ்ந்த ஒலி. மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தத்துக்குக் கசிந்து போக நேரம் கிடைக்கிறது. வேகமாக அதிரும் மேல் ஒலிகளுக்குக் கசிவு அவ்வளவாகப் பொருட்டில்லை. கண்ணாடி அணிபவரின் தடித்த காம்பு, குஷனுக்கு அடியில் மாட்டிக்கொண்ட முடிக்கற்றை, தாடை எலும்புக்குக் கீழே உள்ள பள்ளம், இவற்றில் எது இருந்தாலும் பேஸ் போய்விடும். சோதிப்பது எளிது. பாட்டு ஓடும்போது காதை மூடும் இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் உங்கள் தலையில் அந்த ஹெட்போன் கசிகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை கேட்டாலும் தெரிந்துவிடும். ஒரே ஹெட்போனைப் பற்றி ஒருவர் ‘பேஸ் மூழ்கடிக்கிறது’ என்றும் இன்னொருவர் ‘பேஸே இல்லை’ என்றும் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். இருவர் சொல்வதும் அவரவர் தலைக்கு உண்மையாக இருக்கலாம்.

மூடிய வகைக்கும் திறந்த வகைக்கும் உள்ள வேறுபாடும் இங்கிருந்துதான் வருகிறது. திறந்த வகைக்குச் சரியான உதாரணம் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 2003-இல் கொண்டுவந்த எச்டி 650. கிண்ணத்தின் வெளிப்பக்கம் உலோக வலைதான், சுவர் கிடையாது. குரலுக்கும் வயலினுக்கும் இதைவிட இயல்பான ஹெட்போன்கள் இந்த விலையில் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். பேஸ் கிதாரின் நடுச் சுரங்கள் வெதுவெதுப்பாக, உருண்டு வருகின்றன. ஆனால் சுரம் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க ஒலி சரிந்துகொண்டே போகிறது. 808 முழக்கத்தின் தொடக்கம் கேட்கும், அடிவயிறு கேட்காது. ஆழமான பேஸ் வேண்டும் என்பவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதன் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டியது அதே ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரத்து பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 ப்ரோ. மூடிய வகை. 1980களில் பிறந்த இந்தக் குடும்பம் ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் தொங்குகிறது. வெல்வெட் போன்ற சாம்பல் நிறக் குஷன் காதைச் சுற்றி உட்கார்ந்ததும் வெளிச்சத்தம் குறைகிறது. பிறகு வரும் பேஸ் ஆழமாகவும் தாராளமாகவும் இருக்கிறது. எச்டி 650-இல் மறைந்துபோன அடிச் சுரங்கள் இங்கே காலூன்றி நிற்கின்றன. விலை கொடுக்க வேண்டியது மேல் பக்கத்தில். சிம்பலும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளும் கூர்மையாகக் குத்தும். பழைய பதிவுகளைச் சத்தமாகக் கேட்டால் சிலருக்குக் காது சோர்ந்துவிடும். வாங்கும்போது ஓம் எண்ணையும் பாருங்கள். 32, 80, 250 ஓம் என்று வகைகள் உண்டு. 250 ஓம் ஹெட்போனைக் கைபேசியில் செருகினால் போதிய சத்தம் வராது, தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். கைபேசிக்காரருக்கு 32 அல்லது 80 போதும்.

ஜப்பானின் ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் ஏடிஎச்-எம்50எக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடி பலமாக விழும், ஆனால் டிடி 770 அளவுக்கு ஆழம் இல்லை.

கம்பியில்லா ஹெட்போன்களில் பேஸ் பெரும்பாலும் மின்னணுவியலின் வேலை. உள்ளே இருக்கும் மைக் காதருகே வந்து சேரும் ஒலியைக் கேட்டு, குறைந்த இடத்தை நிரப்பிக்கொடுக்கிறது. அதனால் இரைச்சல் தடுப்பு வேலை செய்யும்போது கண்ணாடிக் காம்பின் கசிவு அவ்வளவாகத் தெரியாது. பல மாடல்களில் இரைச்சல் தடுப்பை நிறுத்தியதும் பேஸின் தன்மையே மாறிவிடும். கடையில் இரண்டு நிலையிலும் கேட்டுப் பாருங்கள். சோனி 2024-இல் வெளியிட்ட யுஎல்டி வேர் என்ற ஹெட்போனில் பேஸுக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் ஆழமான பேஸ், இன்னொரு முறை அழுத்தினால் பலமாக அடிக்கும் பேஸ். இரண்டு வகை ரசிகர்களையும் நிறுவனமே பிரித்துப் பார்த்திருக்கிறது. இரண்டாவது நிலை எனக்கு அதிகம். குரல் பின்னால் தள்ளப்பட்டு விடுகிறது. முதல் நிலையில் நாள் முழுக்கக் கேட்கலாம்.

ஸ்கல்கேண்டி நிறுவனத்தின் க்ரஷர் வரிசை வேறு வழியில் போகிறது. ஒலி தரும் டிரைவரோடு, தோலில் அதிர்வைத் தரும் தனிப் பாகம் ஒன்றும் கிண்ணத்துக்குள் இருக்கிறது. ஓரத்தில் உள்ள நகர்த்தியை ஏற்ற ஏற்ற, கன்னமே அதிரத் தொடங்கும். பெரிய அரங்கில் பேஸை நாம் நெஞ்சாலும் கேட்கிறோம். மற்ற ஹெட்போன்களால் தர முடியாத அந்த உணர்வில் கொஞ்சத்தை இது மீட்டுத் தருகிறது. சண்டைக் காட்சிக்கும் விளையாட்டுக்கும் அருமை. பேஸ் கிதாருக்கு வேண்டாம். சுரம் மாறினாலும் தோலில் உணரும் அதிர்வு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது.

கட்டுப்பாடான பேஸ் வேண்டும் என்பவர் பிளேனார் மேக்னடிக் வகையை ஒருமுறையாவது கேட்டாக வேண்டும். சாதாரண டிரைவரில் நடுவில் உள்ள சுருள் மட்டும் இழுக்க, மற்றது பின்னால் வருகிறது. பிளேனாரில் மெல்லிய படலம் முழுக்க மின்தடம் ஓடுகிறது. காந்தங்களுக்கு முன்னால் படலம் மொத்தமும் ஒன்றாக அசைகிறது. அமெரிக்காவின் ஆடிஸி நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த எல்சிடி-2 திறந்த வகைதான், ஆனாலும் அதன் பேஸ் 20 ஹெர்ட்ஸ் வட்டாரம் வரை சரியாமல் போகிறது. முதன்முறை கேட்பவருக்கு பேஸ் குறைவாக இருப்பதாகக்கூடத் தோன்றும், எங்கும் தூக்கல் இல்லாததால். பேஸ் கிதார் கலைஞர் விரலைத் தந்தியிலிருந்து எடுத்த கணத்தில் ஒலி அறுந்து நிற்பதைக் கவனித்தால், ஏன் சிலர் இதைவிட்டு நகர்வதில்லை என்று புரியும். விலையும் அதிகம், எடையும் அரைக் கிலோவை ஒட்டி. ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும்.

இவற்றையெல்லாம் ஒப்பிடும்போது ஒலியளவை ஒரே மட்டத்தில் வைக்க வேண்டும். இது கறாராகச் செய்ய வேண்டிய காரியம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டியது இது: நம் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது, சத்தம் கூடும்போது அந்த மந்தம் குறைகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி லேசாகக் கேட்கத் தேவையான அளவைவிடச் சுமார் 50 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே தொடங்கும். ஆக, எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதில் பேஸ் அதிகம் இருப்பதாக நமக்குத் தோன்றும். பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வைத்துக்கொண்டு, பிறகு பேஸைக் கவனியுங்கள்.

எவ்வளவு பேஸ் போதும் என்பதற்குப் பொதுவான விடை உண்டா? ஜேபிஎல், ஏகேஜி போன்ற பெயர்களைக் கையில் வைத்திருக்கும் ஹர்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவும் குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2019-இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, கேட்டவர்களில் 64 சதவீதம் பேர் ஹர்மன் வகுத்த ஒலி அமைப்பையே விரும்பினார்கள். அதிலேயே பேஸ் ஓரளவு தூக்கலாகத்தான் இருக்கிறது. 15 சதவீதம் பேருக்கு அதைவிடவும் 3 முதல் 6 டெசிபல் கூடுதல் பேஸ் வேண்டியிருந்தது. 21 சதவீதம் பேர் குறைத்துக் கேட்டார்கள். குறைத்துக் கேட்ட அணியில் பெண்களும் 50 வயதைக் கடந்தவர்களும் அதிகம். பேஸ் பிரியர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் அந்த 15 சதவீதத்தில் இருக்கலாம். அது ரசனைக் குறைவு அல்ல, அவர் காது அப்படி விரும்புகிறது.

ஆனாலும் ஒரு எல்லை இருக்கிறது. பலமான தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மூடி மறைக்கும். காதின் அமைப்பே அப்படி. இந்த எல்லையைக் கண்டுபிடிக்க நான் நம்புவது மிருதங்கம். இடப்பக்கத் தொப்பியின் நடுவில், வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கனம்தான் அதன் ஒலியைக் கீழே இறக்குகிறது. வித்வான் தட்டிவிட்டு மணிக்கட்டருகே உள்ள கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தித் தேய்க்கும்போது, சுரம் ‘கும்’மென்று வளைந்து மேலேறும். கும்கி என்பார்கள். நல்ல ஹெட்போனில் அந்த வளைவின் பாதை முழுதும் தெரியும், அதே நேரத்தில் வலப்பக்கமான வலந்தலையின் ‘நம்’ தெளிவாகத் தனியே கேட்கும். பேஸ் மிஞ்சிப்போன ஹெட்போனில் வளைவு ஒரே முழக்கமாகி வலந்தலையையும் விழுங்கிவிடும்.

கையில் இருக்கும் ஹெட்போனில் பேஸ் போதவில்லை என்றால், மொத்த ஒலியளவைக் கூட்டாதீர்கள். ஒலியளவைக் கூட்டினால் பேஸோடு எல்லாமே கூடுகிறது, அதிகச் சத்தம் முதலில் கெடுப்பது மேல் ஒலிகளைக் கேட்கும் திறனைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4, 5 டெசிபல் ஏற்றி, ப்ரீஆம்ப் என்ற இடத்தில் அதே அளவு இறக்கிவிடுங்கள். ஒலி பிசிறாமல் இருக்க அது அவசியம். பிளேனாரும் நல்ல மூடிய ஹெட்போன்களும் இந்த ஏற்றத்தைத் தாங்கும். எச்டி 650-இல் ஓரளவுக்கு மேல் ஏற்றினால் அடிச் சுரம் கரகரக்கத் தொடங்கும்.

கடைசியாகக் குஷன். செயற்கைத் தோல் உரிந்து, உள்ளே உள்ள பஞ்சு தட்டையாகிவிட்டால் அடைப்பு போய்விடும், பேஸும் அதோடு போகும். டிரைவர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் ஹெட்போனையே தூக்கிப் போடுகிறார்கள். டிடி 770 போன்றவற்றில் குஷனைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். வாங்குவதற்கு முன்பே அந்த மாடலுக்குக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.