வயர்லெஸ் இயர்பட்டைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்ததாக என்ன வாங்குவார்கள்? முன்பெல்லாம் பிரின்டர் வாங்கினார்கள். இப்பொழுது வயர்லெஸ் இயர்பட் வாங்குகிறார்கள். தீப்பெட்டி அளவுள்ள ஒரு டப்பா, அதற்குள் இரண்டு சின்ன இயர்பட். 1,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. 25,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் நல்லதா, கெட்டதா என்று வீட்டில் சோதித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

என் தங்கைக்கு ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. லேப்டாப்பில் வீடியோ கால் மூலமாகத்தான். 1,800 ரூபாய்க்கு வாங்கிய புது இயர்பட்டை மாட்டிக் கொண்டு உட்கார்ந்தாள். ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே எதிர்ப்பக்கம் இருந்தவர், ‘கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறதே’ என்றார். அவர் கேட்ட கேள்விகளும் இவளுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. மூன்று முறை ‘இன்னொரு தடவை சொல்லுங்கள் சார்’ என்று கேட்க வேண்டியதாயிற்று. வேலை கிடைக்கவில்லை. அதற்கு இயர்பட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘அண்ணா, இது சுத்தக் குப்பை’ என்று அவள் சொன்னபோது நானும் சரி என்று தலையை ஆட்டி விட்டு, 4,500 ரூபாய்க்கு வேறு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

அதிலும் அதே கிணறு!

சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன் நான். முதல் நாளே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்தபோது தெரிந்தது, கோளாறு இயர்பட்டில் இல்லை, கம்ப்யூட்டர் அதனுடன் பேசும் முறையில் இருக்கிறது என்று. அந்த விவரத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பு காதைக் கவனிப்போம். ஏனென்றால் இயர்பட்டைப் பற்றி வரும் புகார்களில் பல, காதிலேயே சரி செய்து விடக் கூடியவை.

காதுக்குப் பொருந்துகிறதா?

இயர்பட்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முனையில் ரப்பர் மூடி வைத்துக் காதுத் துளைக்குள் நுழைந்து அடைத்துக் கொள்வது. இன்னொன்று, ரப்பர் இல்லாமல் காது மடலின் குழியில் சும்மா உட்கார்ந்திருப்பது. இரண்டாவது வகையில் வெளிச் சத்தமும் சேர்ந்து கேட்கும். அடைப்பு இல்லாததால் பேஸ் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அது குறை அல்ல, அதன் அமைப்பு அப்படி.

ரப்பர் வைத்த வகையில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளே ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அவ்வளவு சின்ன ஸ்பீக்கர் எப்படி முரசுச் சத்தம் தருகிறது? காதுத் துளை நன்றாக அடைபட்டிருப்பதால், அதற்குள் இருக்கும் கொஞ்சம் காற்றை மட்டும் அசைத்தால் போதும். எங்காவது ஓர் இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலிகள் அந்த வழியாக வெளியேறி விடும். உயர்ந்த ஒலிகள் மட்டும் மிஞ்சும். பாட்டு தகர டப்பாவில் தட்டியது போல ஆகி விடும். உடனே நாம் ‘பேஸ் இல்லை, மட்டமான இயர்பட்’ என்று முடிவு கட்டி விடுகிறோம்.

இதைச் சோதிப்பது சுலபம். மிருதங்கம் உள்ள ஒரு பாட்டைப் போடுங்கள். இடது பக்கமான தொப்பியிலிருந்து வரும் ‘தோம்’ என்ற ஒலியைக் கவனியுங்கள். பாட்டு ஓடிக் கொண்டிருக்கும்போதே இயர்பட்டை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். ‘தோம்’ திடீரென்று கனமாகிறதா? அப்படியானால் உங்கள் காதுக்கு ரப்பர் சிறியது என்று அர்த்தம். டப்பாவில் பெரும்பாலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு ரப்பர் கொடுத்திருப்பார்கள். நடுத்தரத்தைத்தான் மாட்டி அனுப்புவார்கள். மற்ற இரண்டையும் பிரித்துக் கூடப் பார்க்காதவர்கள் ஏராளம். எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குச் சிறியது.

மாட்டும் விதமும் முக்கியம். வலது காதில் மாட்டும்போது, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு போய் வலது காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். துளை சற்று நேராகும். இயர்பட்டை உள்ளே வைத்து லேசாகத் திருகுங்கள். பிறகு வாயை நன்றாகத் திறந்து மூடுங்கள், தலையை ஆட்டுங்கள், எதையாவது மென்று பாருங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமும் கொஞ்சம் மாறும். உட்கார்ந்திருக்கும்போது கச்சிதமாக இருந்த இயர்பட் பேச ஆரம்பித்ததும் நழுவுவது இதனால்தான்.

நன்றாக அடைத்துக் கொண்ட பிறகு உங்கள் குரலே உங்களுக்குப் பானைக்குள் பேசுவது போலக் கேட்கும். நடந்தால் காலடி ‘திம் திம்’ என்று தலைக்குள் ஒலிக்கும். பயப்பட வேண்டாம். காதை விரலால் அடைத்துக் கொண்டு பேசினாலும் அப்படித்தான் கேட்கும். அது பிடிக்காதவர்கள் அடைக்காத வகையையே வாங்கலாம்.

ஒரு மணி நேரம் கழித்து

கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்து ‘சௌகரியமாக இருக்கிறது’ என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. வீட்டில் தொடர்ந்து ஒரு மணி நேரமாவது மாட்டியிருங்கள். வலி வந்தால் எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். துளைக்குள் வலித்தால் ரப்பரை மாற்றலாம். ஓர் அளவு சிறியதைப் போடலாம், அல்லது தனியாக விற்கும் ஃபோம் முனைகளைப் போட்டுப் பார்க்கலாம். காது மடலின் குழியில் வலித்தால் இயர்பட்டின் உடலே உங்கள் காதுக்குப் பெரியது. அதை மாற்ற வழியில்லை. ‘போகப் போகப் பழகி விடும்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் பழகவே இல்லை.

காதில் புண்ணோ, அரிப்போ, சீழோ இருந்தால் எந்த இயர்பட்டையும் மாட்டாதீர்கள். காது டாக்டரைப் பாருங்கள்.

ஒலியை எப்படி ஒப்பிடுவது?

இரண்டு இயர்பட்களை ஒப்பிடும்போது எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சத்தம் அதிகமாக வைத்திருப்பதுதான் நம் காதுக்கு எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். எனவே இரண்டிலும் பாடுபவரின் குரல் ஒரே அளவு கேட்கும்படி வால்யூமை வைத்துக் கொண்டு பிறகு ஒப்பிடுங்கள். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் முதலில் நிறுத்தி விடுங்கள்.

புதிய பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டையே போடுங்கள். தொப்பியின் ஒலி குரலை மூடி மறைக்கிறதா? ‘ஸ’, ‘ச’ வரும் இடங்களில் காதில் ஊசி குத்துவது போல இருக்கிறதா? ஜால்ராவின் ஒலி தட்டிய பிறகு மெல்ல மெல்லத் தேய்கிறதா, அல்லது ‘சிஸ்’ என்று கலைந்து விடுகிறதா? இந்த மூன்றையும் கவனித்தால் போதும்.

டப்பாவில் ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மனிதக் காதின் எல்லை. ஏறக்குறைய எல்லோரும் அதையே அச்சடிக்கிறார்கள். எஸ்பிசி, ஏஏசி, எல்டிஏசி என்று கோடெக் பெயர்களும் இருக்கும். பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகள் இவை. இயர்பட், கம்ப்யூட்டர் இரண்டுக்கும் தெரிந்த முறையில்தான் பாட்டு போகும். விண்டோஸ் 11-ல் ஏஏசி உண்டு. எல்டிஏசி விண்டோஸுடன் வருவதில்லை. லேப்டாப்புக்காக வாங்குபவர்கள் அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

இரைச்சலைக் குறைக்கும் ஏஎன்சி வசதி இருந்தால் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதை ஆன் செய்யுங்கள். மின்விசிறி, பஸ் இன்ஜின் போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த இரைச்சல் நன்றாகக் குறைய வேண்டும். பக்கத்து அறைப் பேச்சும் மிக்ஸியின் கிறீச்சொலியும் அந்த அளவுக்குக் குறையாது. ரப்பர் சரியாக அடைக்கவில்லை என்றால் ஏஎன்சியும் சரியாக வேலை செய்யாது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ரப்பர் சரியாகப் பொருந்தாதவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் என்ன செய்கிறார்கள்? வால்யூமைக் கூட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகி விடும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் கேட்பவருக்கு நான்கே நாளில் முடிந்து விடும். கழற்றிய பிறகு காதில் ‘ங்ங்’ என்று ரீங்காரம் கேட்டால் சத்தம் அதிகம் என்று புரிந்து கொள்ளுங்கள். உள்காதில் கெட்டுப் போன நுண்ணிய செல்கள் மறுபடி வளர்வதில்லை.

கிணற்றுக் குரல் ஏன்?

இப்போது தங்கையின் கதைக்கு வருவோம். புளூடூத் வழக்கமாக இரண்டு முறைகளில் ஒலியை அனுப்புகிறது. பாட்டு கேட்கும்போது ஏ2டிபி என்ற முறை. இது ஒருவழிப் பாதை. முழு அகலமும் பாட்டுக்கே கிடைப்பதால் ஸ்டீரியோவில் தெளிவாகக் கேட்கும். இயர்பட்டில் உள்ள மைக்கையும் பயன்படுத்தினால் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்ற முறைக்கு மாறி விடும். இது இருவழிப் பாதை. போவதற்கும் வருவதற்கும் இடம் வேண்டுமே! எனவே இரண்டு பக்கமும் குறுகி விடும். சிடியில் ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து பதிவு செய்கிறார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பழைய முறை என்றால் 8,000 முறை, கொஞ்சம் புதியது என்றால் 16,000 முறை. ஸ்டீரியோவும் போய் விடும். பழைய டெலிபோனில் பேசுவது போலக் கேட்பது இதனால்தான். 1,800 ரூபாய் இயர்பட்டானாலும் 4,500 ரூபாய் இயர்பட்டானாலும் முறை ஒன்றுதான்.

இதற்கு வழி எளிது. இயர்பட்டைக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பேசுவதற்கு லேப்டாப்பின் மைக்கைப் பயன்படுத்துங்கள். டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் திறங்கள். அவுட்புட் பகுதியில் இயர்பட்டையும், இன்புட் பகுதியில் லேப்டாப்பின் மைக்ரோஃபோனையும் தேர்ந்தெடுங்கள். ஜூம், டீம்ஸ் போன்ற சாஃப்ட்வேர்களில் ஆடியோ செட்டிங்ஸ் தனியாக இருக்கும். அங்கேயும் இதே போல மாற்ற வேண்டும். விண்டோஸ் 10 என்றால் ஒரே இயர்பட் ஸ்டீரியோ என்றும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றும் இரண்டு பெயரில் தெரியும். ஸ்டீரியோ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்ஈ ஆடியோ என்ற புதிய புளூடூத் முறையில் இந்தத் தொல்லைக்கு 2025-ல் தீர்வு வந்திருக்கிறது. ஆனால் இயர்பட், லேப்டாப் இரண்டிலும் அந்த ஹார்ட்வேர் இருக்க வேண்டும். விண்டோஸ் 11-ன் 24எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் வேண்டும்.

முக்கியமான கால் வருவதற்கு முந்தைய நாளே ஒத்திகை பாருங்கள். விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேளுங்கள். இயர்பட் மைக்கில் ஒரு தடவை, லேப்டாப் மைக்கில் ஒரு தடவை. மின்விசிறி ஓடும்போதும் பதிவு செய்யுங்கள்.

பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறதா? புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் இந்த அலைவரிசையைத் தொந்தரவு செய்யும் என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே எழுதி வெளியிட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் ரப்பரைக் கழற்றிச் சல்லடையைப் பாருங்கள். காது அழுக்கு அடைத்திருக்கும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். ஊசி வேண்டாம்.

இந்தச் சோதனைகளை எல்லாம் வாங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் முடித்து விடுங்கள். காதுக்குள் போகிற பொருள் என்பதால் பல கடைகளில் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள், பழுதென்றால் மாற்றித் தருவதோடு சரி. பில் போடுவதற்கு முன்பே கேட்டுக் கொள்ளுங்கள்.

தங்கை ‘குப்பை’ என்று ஒதுக்கிய அந்த 1,800 ரூபாய் இயர்பட்டை இப்போது நான்தான் ஆபீசுக்குக் கொண்டு போகிறேன். இடது காதுக்குச் சிறிய ரப்பர் மாட்டி, பேசுவதற்கு லேப்டாப் மைக்கை வைத்துக் கொண்டேன். கிணறு பற்றி இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை. அடுத்த இன்டர்வியூவுக்குத் தங்கை அதையே இரவல் கேட்டிருக்கிறாள்.