நோவு தோன்றும் முன்னரே ஒரு பரிசோதனை

மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உதிரப்போக்கு கண்ட தாய் ஒருவர் எமது வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். விவசாயக் கூலி வேலை செய்பவர். கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. ஊரில் பரிசோதனை முகாம் நடந்தபோது ஏன் செல்லவில்லை என வினவினேன். "நடவு நேரம் டாக்டர். ஒருநாள் கூலி போயிடும். எனக்குத்தான் நோவு ஒண்ணும் இல்லையே" என்றார்.

நோவு இல்லாமை நலமாகுமா?

ஹெச்.பி.வி. எனும் வைரஸ் தொற்று நெடுநாள் நீடிக்கும்போது, கருப்பை வாயின் செல்கள் மெல்ல மாறுகின்றன. அம்மாற்றம் புற்றுநோயாக வளரப் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். அக்காலம் முழுவதும் வலியோ உதிரப்போக்கோ இராது. எளிய சிகிச்சையால் நோயைத் தடுக்கக்கூடிய காலமும் அதுவே.

பரிசோதனை சில நிமிடங்களே. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவினால், மாற்றமுற்ற பகுதி வெண்மையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து, 2007இல் வெளியான ஆய்வில், இப்பரிசோதனை வழங்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த இறப்புகள் 35 சதவீதம் குறைந்திருந்தன. ஆயினும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 30–49 வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர்கூட இப்பரிசோதனையைச் செய்துகொண்டதில்லை.

தடுத்து நிறுத்துபவை

கூச்சம் முதல் தடை. பெண் மருத்துவரோ செவிலியரோ பரிசோதிக்க வேண்டுமெனத் தயங்காது கேளுங்கள்.

பழிச்சொல்லுக்கு அஞ்சுவது அடுத்தது. இல்லற வாழ்வில் உள்ளோரில் மிகப் பலருக்கு இத்தொற்று என்றேனும் வந்து, பெரும்பாலும் தானே அகன்றுவிடும். எவருடைய ஒழுக்கத்துக்கும் இது சான்றாகாது.

"குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்றே" என்பது மூன்றாவது. அவ்வறுவையில் கருப்பை வாய் அகற்றப்படுவதில்லை. எனவே பரிசோதனை தேவையே. மாதவிடாய் நின்றோருக்கு அவர்களுக்கேற்ற வேறு பரிசோதனைகள் உண்டு.

முடிவைக் கேட்க மீண்டும் வராதிருப்பது கடைசித் தடை. வெண்மை தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருளன்று. அடுத்த பரிசோதனை தேவை என்றே பொருள்.

குடும்பத்தாருக்கு

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இப்பரிசோதனை இலவசம். அந்த ஒருநாள் அடுப்பையும் குழந்தைகளையும் பிறர் கவனித்துக்கொள்ளட்டும். கூலி இழப்பைக் குடும்பமே ஏற்கட்டும். நோயாளிக்குத் துணையாக இங்கு வந்திருக்கும் சகோதரியே, உங்களுக்குப் பரிசோதனை நடந்துவிட்டதா? இல்லையெனில், இன்றே எங்கள் செவிலியரிடம் கேளுங்கள்.