எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு முதல் நோட்டு மணல்தான். ஆள்காட்டி விரலை மணலில் அழுத்தி ‘அ’ எழுத வேண்டும், எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். விரல் எரியும். கையை எடுத்தால் சட்டாம்பிள்ளையாக நிற்கும் மூத்த பையன் பார்த்துவிடுவான். வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பலர் என்பதால் மூத்த பையனே சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். 1789 முதல் சென்னை எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இப்படி மணலில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்துத் தன் விடுதியிலும் அதைச் செய்து பார்த்தார். 1797-இல் அதைப் பற்றி அவர் நூல் எழுதினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போனது. நம் திண்ணையிலிருந்து கப்பலேறிய பாடமுறை அது.

1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ கேட்டு வாங்கிய கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தத் திண்ணையில் பெண்பிள்ளைகள் ஏறியது மிக அரிது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெருவுக்குள்ளேயே இடமில்லை. பழைய கல்விமுறையைப் போற்றும் கட்டுரைகள் இந்த இடத்தில் மட்டும் சட்டென்று தாவிவிடும்.

ஆனால் அங்கே படிப்பு நடந்த விதத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஓலைச் சுவடியில் புள்ளி இருக்காது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. வரிசையாக ஓடும் எழுத்தில் எங்கே மெய், எங்கே உயிர்மெய், எந்த இடத்தில் சொல் முடிகிறது என்பதைப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதாவது, பொருள் தெரியாதவனால் ஓலையைச் சரியாகப் படிக்கவே முடியாது. அதனால்தான் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் எல்லாம் முதலில் காதுவழியாக மனப்பாடம் ஆயின. ஓலை ஞாபகத்துக்குத் துணை நின்றது.

சொல்வளத்துக்கு நிகண்டு என்னும் சொற்பொருள் நூல். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரத்தின் பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகள் உண்டு. பொருள் புரிகிற வயதுக்கு முன்பே பாட்டாக நெஞ்சில் ஏறிவிடும். உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் திண்ணைப் பள்ளி நாள்களை விரிவாக எழுதியிருக்கிறார். மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும்போது பூப்பெயர், பறவைப்பெயர் என்று ஏதாவது சொல்லி அனுப்பி, மறுநாள் காலை அதைக் கேட்கும் வழக்கம் இருந்தது. ஞாபகப் பயிற்சிதான் நோக்கம். கூடவே தினம் ஒரு சொல் சேர்ந்தது.

அச்சுப் புத்தகம் வந்ததும் கதை மாறியது. புள்ளி வந்தது, சொல்லிடைவெளி வந்தது, வீரமாமுனிவர் வகுத்துத் தந்த ஏகார ஓகார வேறுபாடு எங்கும் நிலைத்தது. தமிழில் எழுதியபடியே பெரும்பாலும் ஒலிப்பதால், எழுத்துகளைத் தெரிந்துகொண்ட பிள்ளை எந்தப் பக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். பொருள் தெரிய வேண்டிய அவசியமில்லை! வாசிப்பு எளிதாயிற்று. புரிதல் அதிலிருந்து கழன்றுகொண்டதும் அப்போதுதான் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு நம் வகுப்பறைகள் சத்தம் போட்டுப் படிப்பதையே படிப்பு என்று எடுத்துக்கொண்டன.

காமராஜர் காலத்தில் மதிய உணவோடு பள்ளிக்கு வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் சிலேட்டில் படித்தார்கள். பல்பம், எச்சில் தொட்டு அழித்தால் திட்டு, கோவை இலை தேய்த்தால் பளபளப்பு. வாத்தியார் பெரிதாக எழுதிப்போட்ட எழுத்தின்மேல் புளியங்கொட்டை அடுக்கிப் பழகுவார்கள். பாட்டனார் காலத்து ‘ணா’, ‘றா’, ‘லை’, ‘னை’ வடிவங்கள் தனிச் சுழியும் தும்பிக்கையுமாகப் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்தன. பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் கையாண்ட வடிவங்களை 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ஒன்றாம் வகுப்புக்கு அதைவிடப் பெரிய உதவியை எந்த ஆணையும் செய்ததில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

அந்தக் காலத்தின் உயிர் சொல்வதெழுதுதலில் இருந்தது. ஆசிரியர் ஒரு சொல்லை இருமுறை சொல்வார், மூன்றாம் முறை கிடையாது. நம் பேச்சில் னகரமும் நகரமும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. பல ஊர்களில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு போய்விட்டது. ழகரம் தெற்கே ளகரமாகும், சென்னையில் சிலர் வாயில் யகரமாகும். காதை நம்பி எழுதினால் தப்புதான். அதனால் ஆசிரியர்கள் மூணு சுழி, ரெண்டு சுழி, சின்ன ர, பெரிய ற என்று அடையாளம் வைத்தார்கள். அரம், அறம், கரி, கறி, மனம், மணம், வலி, வழி என்று இரட்டையாகச் சொல்லிச் சொல்லிக் காதைத் தீட்டினார்கள். நல்ல ஆசிரியர் இன்னொரு நுட்பத்தையும் கொடுப்பார். டகரத்துக்கு முன்னால் மூணு சுழி, தகரத்துக்கு முன்னால் தந்நகரம், றகரத்துக்கு முன்னால் ரெண்டு சுழி. வண்டு, பந்து, கன்று. இந்த மூன்று சொல்லை மனத்தில் வைத்த பிள்ளை ‘கண்று’ என்று எழுதவே எழுதாது. இலக்கணத்தில் இதற்கு இன எழுத்து என்று பெயர், ஆனால் ஏழு வயதில் பெயர் எதற்கு?

தப்பான சொல்லைப் பத்துமுறை எழுது என்ற தண்டனைதான் அதன் இருண்ட பக்கம். ஐந்தாவது முறைக்குள் கை மரத்துவிடும், பத்தாவது முறை தப்பாகவே எழுதியவர்களும் உண்டு. அடிக்குப் பயந்து பள்ளியை விட்டே நின்றவர்களை எந்தப் பதிவேடும் எண்ணவில்லை.

புரிதலைச் சோதித்த விதம் இன்னும் வேடிக்கை. ஒரு வாக்கியம் சொல்கிறேன்: பிக்கன் நேற்று கூமலைத் தொம்பினான். இப்போது கேள்வி. கூமலைத் தொம்பியவன் யார்? பிக்கன். எப்போது தொம்பினான்? நேற்று. பிக்கன் எதைத் தொம்பினான்? கூமலை. மூன்றுக்கும் முழு மதிப்பெண். பிக்கன் என்ன செய்தான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தமிழின் வேற்றுமை உருபும் வினைமுற்றும் விடையைத் தட்டில் வைத்து நீட்டிவிடும். கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக, யார் யாரிடம் கூறியது என்று தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டவற்றில் பெரும்பங்கு இந்த வகைதான். போதாததற்கு, வீட்டில் ‘வந்தாங்க’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘வந்தனர்’ என்று படிக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் தவிர அதற்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்து வகுப்பில் வீட்டுத் தமிழில் பதில் சொன்னால் “ஒழுங்காப் பேசு” என்ற அதட்டல்தான் கிடைத்தது.

2000-க்குப் பிறகு மாற்றம் வேகம் பிடித்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அட்டைகளையும் கற்றல் ஏணிப்படிகளையும் கொண்டுவந்தது, பிள்ளைகள் எட்டும் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. பின் சமச்சீர்க் கல்வி, 2018 முதல் புதிய பாடநூல்கள். கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது சின்ன வகுப்புகள்தான் அதிகம் இழந்தன. பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஆசர் ஆய்வு 2022-இல் நடந்தபோது, தமிழ்நாட்டுக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான். அதே ஆண்டு ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது.

இன்று ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்தால் பாட்டுக்கு ஒரு மூலை, பொம்மலாட்டத்துக்கு ஒரு மூலை. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் படிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்து தெரியாத பிள்ளை அரும்பில் இருக்கலாம், அதில் வெட்கமில்லை. ஆசிரியர் கதை சொல்லி நடுவில் நிறுத்தி, “நீயா இருந்தா என்ன பண்ணுவே?” என்று கேட்கிறார். பதில் வீட்டுத் தமிழில் வருகிறது, ஏற்றுக்கொள்கிறார். பிக்கனை வைத்துத் தப்பிக்க முடியாத கேள்வி அது. வாசிப்புக்கும் புரிதலுக்கும் நடுவே ஆண்டாண்டு காலமாக விட்டுப்போன முடிச்சு இங்கே மறுபடி போடப்படுகிறது. இதைச் சாதாரண வெற்றியாக நான் நினைக்கவில்லை. அதே ஆசிரியர் மதிப்பீட்டைச் செல்பேசிச் செயலியில் ஏற்றுவதற்குள் அடுத்த பாடவேளை ஓடிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இழப்பும் இருக்கிறது. காது மழுங்கிவிட்டது. அடியோடு சேர்த்துச் சொல்வதெழுதுதலையும் பல பள்ளிகள் தள்ளி வைத்துவிட்டன. பயிற்சித்தாளில் கோடு போட்டு இணைத்துப் பழகிய பிள்ளைக்கு வெற்றுத்தாளில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் கை நிற்கிறது. மேல்வகுப்பில் ‘பள்ளி’ பல்லியாகிறது. மெட்ரிக் பள்ளிகளின் நிலை வேறு. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை எல்லாப் பள்ளிகளுக்கும் படிப்படியாகக் கட்டாயமாக்கியது, ஆனால் மூன்று வயதில் ஆங்கில ஒலிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் வீடுகளில் தமிழ் எழுத்து ஆறு வயதில் அந்நிய எழுத்தாக வந்து சேர்கிறது. நிறம் எல்லாம் ரெட், ப்ளூ. எண்ணிக்கை ஒன் டூ. நாழியும் படியும் முறமும் சொற்களாகக்கூட வீட்டில் இல்லை, விடுகதை போடும் ஆளும் இல்லை. நிகண்டை மீட்க வேண்டாம். அதன் இடத்தில் என்ன வைத்தோம் என்பதுதான் கேள்வி.

வைக்கக்கூடியது கதைப் புத்தகம் ஒன்றுதான். ஒருகாலத்தில் அம்புலிமாமா, கண்ணன், கோகுலம், பூந்தளிர் என்று பிள்ளைகள் பாடத்துக்கு வெளியே சொற்களைப் பொறுக்கினார்கள். பின்னர் ‘கோகுலம்’ நின்றது. இப்போது அரசே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களை நடத்துகிறது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் மெல்லிய கதைப் புத்தகங்களை வகுப்பறைக்கு அனுப்புகிறது. படம் பெரிது, வரி குறைவு, விலை மலிவு. பிள்ளை ஒரே இருப்பில் ஒரு முழுப் புத்தகத்தை முடிக்கிறது. ஆனால் நல்ல புத்தகம் அலமாரிப் பூட்டுக்குள் இருந்தால் அரசாணையால் ஒன்றும் செய்ய முடியாது. ‘கிழிந்துவிடும்’ என்று பூட்டி வைக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கிழியட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. சனிக்கிழமை காலை ஐந்து சொல் சொல்லி எழுதச் சொல்லுங்கள், தப்புக்கு அடி வேண்டாம். அப்புறம் பிள்ளை ஒரு பக்கம் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்து, “என்னடா ஆச்சு கதையில?” என்று உங்கள் வீட்டுத் தமிழிலேயே கேளுங்கள்.