வாயில்லாத நாயின் புருவம்

களிமண்ணுக்கு உயிரில்லை, உணர்வுமில்லை. ஆயினும் திரையில் ஒரு களிமண் பொம்மை தலை கவிழ்ந்தால் நம் குழந்தைகளின் முகம் வாடுகிறது. அது அஞ்சி நடுங்கினால் அவர்கள் நம் மடியை நாடுகின்றனர். இவ்விந்தை எங்ஙனம் நிகழ்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இத்தகைய படங்களுக்குப் பயன்படும் பிளாஸ்டிசின் என்னும் உலராத களிமண்ணை, 1897-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் தம் மாணவர்களுக்காக ஆக்கினார். பொம்மையைச் சிறிது அசைத்து ஒரு படம் எடுப்பர். மீண்டும் அசைத்து மற்றொன்று எடுப்பர். திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இருமுறை படம்பிடித்தாலும், ஒரு விநாடிக் காட்சிக்குப் பொம்மையை 12 முறை மாற்றியமைத்தல் வேண்டும்.

இக்கலையில் புகழ்பெற்றவர் நிக் பார்க். அவர் மாணவராயிருந்தபோது தொடங்கி 1989-இல் வெளிவந்த 'எ கிராண்ட் டே அவுட்' என்னும் குறும்படத்தில், வாலஸ் என்ற மனிதரும் குரோமிட் என்ற நாயும் தோன்றினர். நாய்க்கு வாயும் குரலும் அளிக்கவே அவர் முதலில் எண்ணியிருந்தார். ஆனால், வாலஸ் மரம் அறுக்க, அம்மரத்தைத் தாங்கி நாய் கீழே நிற்கும் காட்சியைப் படமாக்குகையில், புருவத்தையும் கண்ணையும் சிறிது அசைத்தாலே அதன் உள்ளம் விளங்கிவிடுவதைக் கண்டார். வாய் தேவையற்றதாயிற்று.

புருவத்தின் உள்முனை மேலெழுந்தால் கவலை, கீழிறங்கினால் சினம், ஒன்று மட்டும் உயர்ந்தால் ஐயம். கண் முதலில் திரும்பித் தலை பின்னர் திரும்பினால், பொம்மை சிந்திக்கிறது என நாம் நம்புகிறோம். தோள் மெல்லத் தாழ்ந்தால் சோர்வு. ஓடிய உடல் திடுமென நின்றால் அச்சம். உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படுவதையே தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று கூறி, அதனை எட்டாக வகுத்தார். மண்ணுக்கும் அவ்விதியே பொருந்துகிறது.

அசையாமையும் பேசும். 1993-இல் வந்த 'தி ராங் டிரௌசர்ஸ்' படத்தின் திருட்டுப் பென்குயினுக்குப் புருவமே இல்லை. மணி போன்ற இரு கருங்கண்களே உண்டு. முகத்தில் எக்குறிப்பும் காட்டாமையே அதனை அச்சந்தருவதாக்குகிறது. அப்படம் 1994-இல் ஆஸ்கர் பரிசு பெற்றது.

வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு இது புதிதன்று. கடைத்தெருவிலும் அண்டை வீட்டிலும் சொல் விளங்குமுன் முகமன்றோ விளங்குகிறது! இங்கே பிறந்து வளரும் நம் சிறுவர்கள், ஊரிலிருந்து வரும் பாட்டியின் சொற்கள் சிலவற்றை அறியாதிருக்கலாம். அவர் புருவம் நெரிவதை அறியாதிருத்தல் ஆகாது.

எனவே, விடுமுறை நாளில் அவர்களுக்கு ஒரு பிடி களிமண்ணும் ஒரு கைபேசியும் கொடுப்போம். வாயில்லாத முகம் ஒன்று செய்து, பன்னிரண்டே படங்களில் அதனை வருந்தச் செய்யுமாறு கூறுவோம். அதனைச் செய்து முடிக்க, அவர்கள் முதலில் வருந்துவோர் ஒருவரின் முகத்தை உற்று நோக்கியாக வேண்டும். மண் பொம்மை நாளை உடையலாம்; அந்த நோக்கு அவர்களிடம் நிலைத்திருக்கும்.