மசோதாவை எழுதித் தருவது யார்?

காத்தோங் வட்டாரத்தில் மாலை வேளைகளில் நடந்து செல்பவர்கள், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போடப்பட்டு, மக்கள் வரிசை எண்ணுடன் காத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி அது. வாடகை பாக்கி, வேலை அனுமதி, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறை. தொண்டூழியர்கள் அதைக் கேட்டு எழுதுகிறார்கள். உறுப்பினர் கையெழுத்திட்டதும் கடிதம் உரிய இலாகாவுக்குப் போகிறது. 1955ல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த வழக்கம் இது. அந்த மார்ஷலுக்கே முதலில் உட்கார அறை கிடைக்கவில்லை. மரத்தடியில் மேசை போட்டுக்கொள்வேன் என்று அவர் மிரட்டிய பிறகே மாடிப்படியின் கீழ் ஓர் அறையை ஒதுக்கினார்கள் என்பது பழைய கதை.

ஆக, குடிமகனின் கடிதத்தை எழுதித்தர ஆள் உண்டு. ஆனால் ஒரே குறை பத்து வீடுகளிலிருந்து வருமானால், அதைக் கடிதத்தால் தீர்க்க முடியாது. சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது என்று பொருள். அதை அடைக்க உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவர விரும்பினால், அவருக்கு அதை எழுதித் தருவது யார்?

அமைச்சர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தில் சட்டம் வரைவதற்கென்றே தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் மூலம் பிரிட்டனில் இருக்கிறது. 1869ல் ஹென்றி திரிங் என்பவரைத் தலைவராகக் கொண்டு லண்டனில் இதற்கென ஓர் அலுவலகம் அமைந்தது. ஆயினும் அதுவும் அரசாங்கத்தின் மசோதாக்களை வரைவதற்கே ஏற்பட்டது. அமைச்சர் அல்லாத உறுப்பினர் தம் சொந்த அறிவையும் நண்பர்களின் தயவையும் நம்பியே இருக்க வேண்டியவரானார்.

மசோதா எழுதுவது அவ்வளவு பெரிய வித்தையா என்று சிலர் கேட்கலாம். “உத்தரவிடலாம்” என்பதற்கும் “உத்தரவிட வேண்டும்” என்பதற்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பார்த்தாலே போதும். முதலாவது நீதிபதியின் விருப்பத்துக்கு விடுகிறது. இரண்டாவது அவர் கையைக் கட்டுகிறது. இந்த ஒரு விகுதியில் ஒரு முதியவரின் சாப்பாடு அடங்கியிருக்கக்கூடும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 1956லிருந்து சிங்கப்பூர்ச் சட்டசபையில் தமிழிலும் பேசலாம் என்று ஆயிற்று. அவ்வுரிமை இன்றும் உண்டு. ஆனால் மசோதா ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. நாவன்மை மிக்க உறுப்பினரும் அங்கே வாயடைத்து நிற்க நேரும்.

1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நடந்தவை இதற்கு நல்ல பாடம். நியமன உறுப்பினரான வால்டர் வூன், 1994ல் பெற்றோர் பராமரிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். அறுபது வயதைக் கடந்து, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம் என்பது அதன் சாரம். சொல்வதற்கு ஒரு வாக்கியம். எழுதும்போதோ கேள்விகள் அணிவகுத்து வரும். தத்தெடுத்தவர் பெற்றோர் ஆவாரா? சிறு வயதில் பிள்ளையைக் கைவிட்டுப்போன தந்தை, முதுமையில் வந்து கை நீட்டினால்? அப்படிக் கைவிட்டதாகவோ கொடுமைப்படுத்தியதாகவோ மெய்ப்பிக்கப்பட்டால், தொகையைக் குறைக்கவோ மனுவைத் தள்ளவோ நடுவர் மன்றத்துக்கு அதிகாரம் தரப்பட்டது. மசோதா தெரிவுக்குழுவின் ஆய்வுக்குச் சென்று, 1995 நவம்பரில் நிறைவேறியது. விடுதலைக்குப் பின் தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்து பொதுச் சட்டமான முதல் மசோதா இதுவே. வூன், பல்கலைக்கழகத்தில் சட்டம் போதித்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே ஆண்டில் மற்றொரு நியமன உறுப்பினரான டாக்டர் கன்வல்ஜித் சோயின், குடும்ப வன்முறை மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். சட்டம் அவர் தொழில் அன்று. அந்த மசோதா தோற்றது. தனிச் சட்டம் தேவையில்லை என்பது அரசாங்கத் தரப்பின் நிலை. எனினும் அடுத்த ஆண்டே, 1996ல், மாதர் சாசனம் திருத்தப்பட்டபோது அம்மசோதாவின் கருத்துகள் பல அதனுள் இடம்பெற்றன. வரைவின் குறையால்தான் மசோதா தோற்றது என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பான்மையின் கணக்கு வேறு. ஆனால் புதிய சட்டம் எழுதுவதா, இருக்கும் சட்டத்தைத் திருத்துவதா என்பது வரைவாளரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்க எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவான ஓர் இடம் வேண்டாமா?

அத்தகைய இடத்தை முதலில் அமைத்துக் காட்டிய பெருமை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சாரும். 1901ல் மாடிசன் நகரில், சட்டமன்றத்துக்கென ஒரு நூலகப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குப் பொறுப்பேற்றவர் சார்ல்ஸ் மெக்கார்த்தி. ஐரிஷ் குடியேறிகளின் மகன். வரலாற்றில் டாக்டர் பட்டம் பெற்றவர். கால்பந்துப் பயிற்சியாளராகவும் இருந்தவர்! ஒரு பொருளைப் பற்றி மற்ற மாநிலங்கள் என்ன சட்டம் செய்தன, அது பலித்ததா, நீதிமன்றம் என்ன சொன்னது என்றெல்லாம் திரட்டி, கேட்ட உறுப்பினரின் முன் வைத்தார். விரைவில் மசோதா வரையும் பணியும் அங்கேயே சேர்ந்தது.

அவர் வகுத்த விதிகள் கவனிக்கத்தக்கவை. உறுப்பினர் தமக்கு வேண்டியதை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வரைவாளர் தம் யோசனை எதையும் சேர்க்கக் கூடாது. சொல்லும் வடிவமும் மட்டுமே அவர் பொறுப்பு.

இதன் அருமை தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனுக்கு நன்றாகவே விளங்கும். மனு எழுதித் தரக் கேட்டுத் தொழிலாளர்கள் வருவார்கள். ஒருமுறை முதியவர் ஒருவர் தம் வீட்டுக் கூரையைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னார். நானோ தண்ணீர்க் குழாய், சாக்கடை, விளக்கு என்று எனக்குப் பட்டதையெல்லாம் சேர்த்துவிட்டேன். வாசித்துக் காட்டியதும், “இது உங்க மனு, வாத்தியாரய்யா, என் மனு எங்கே?” என்றார். கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

விதிகள் இருந்தும் பழிச்சொல் மெக்கார்த்தியை விடவில்லை. அது மசோதாத் தொழிற்சாலை, சீர்திருத்தக் கட்சியினரின் பட்டறை என்று தூற்றினார்கள். 1914ல் ஆளுநர் தேர்தலில் நின்ற இமானுவேல் பிலிப், அதை எதிர்த்தே பிரசாரம் செய்து வென்றார். ஆனால் பதவியேற்று, நேரில் ஆராய்ந்த பின் அதை மூடாமல் விட்டுவிட்டார். எதிரியே சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டதைவிட நடுநிலைக்கு வேறு சான்று எதற்கு? அதே 1914ல் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகமும் இத்தகைய ஆய்வுப் பிரிவைத் தொடங்கியது. அங்கே ஆய்வு ஓரிடம், வரைவு வேறிடம். சிறிய மன்றங்களுக்கு ஒரே கூரை போதும்.

இந்தியாவில் இவ்வேலையின் ஒரு பகுதியைச் சபைக்கு வெளியிலுள்ள அமைப்பு ஒன்று செய்கிறது. 2005ல் டில்லியில் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்னும் ஆய்வு நிறுவனம், மசோதாக்களை விளக்கிச் சிறு குறிப்புகளை எல்லாக் கட்சியினருக்கும் தருகிறது. 2010லிருந்து இளம் பட்டதாரிகளை உறுப்பினர்களுக்கு உதவியாளர்களாக அனுப்பியும் வருகிறது. தனி உறுப்பினரின் உழைப்பு வீண் என்பார்க்குத் திருச்சி சிவாவை நினைவூட்டலாம். திருநங்கைகள், திருநம்பிகளின் உரிமைக்காக அவர் கொண்டுவந்த மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று ராஜ்ய சபையில் நிறைவேறியது. லோக் சபையில் அது நிறைவேறவில்லை. பிறகு அரசாங்கமே 2019ல் வேறொரு சட்டம் இயற்றியது. இந்தியாவில் தனி உறுப்பினர் மசோதா ஒன்று இரு சபைகளிலும் நிறைவேறிச் சட்டமானது 1970ல்தான் கடைசி.

சிங்கப்பூரில் 2020ல் எதிர்க்கட்சித் தலைவர் பதவி முறைப்படி ஏற்பட்டபோது, கூடுதல் உதவியாளர்களை அமர்த்திக்கொள்ளப் படித்தொகை தரப்பட்டது. நல்ல செயல்தான். ஆனால் அது ஒரு பதவியைச் சார்ந்த உதவி. நான் சொல்வது மன்றத்துக்கே உரிய அலுவலகம். ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினருக்கும் அது பயன்படும். அது சபாநாயகரின் கீழ் இருக்க வேண்டும். தலைவரை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு நியமிக்க வேண்டும். தேர்தலோடு அவர் பதவி முடியக் கூடாது. நான்கைந்து பேருடன் தொடங்கலாம். வரிவிதிப்பையும் அரசாங்கச் செலவையும் தொடும் மசோதாவுக்கு அதிபரின் பரிந்துரை வேண்டும் என்ற அரசமைப்பு விதி இருப்பதால், கஜானாவுக்கு ஆபத்து என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

இரகசியத்தைப் பற்றி மட்டும் தெளிவு வேண்டும். காங்கிரஸ் நூலகத்தின் ஆய்வறிக்கைகள் நெடுங்காலம் உறுப்பினர்களுக்கே உரியவையாக இருந்து, 2018ல் இயற்றிய சட்டத்தால்தான் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. இங்கே அலுவலகம் அமையுமானால், பொதுவான ஆய்வுக் குறிப்புகளை முதல் நாளிலிருந்தே வெளியிடலாம். உறுப்பினருக்கு எழுதித் தந்த வரைவை மட்டும், அவர் அதைச் சபையில் வைக்கும்வரை பூட்டி வைக்க வேண்டும்.