வேக எண் 12 இருந்தால் டிஸ்க் தூரம் போகுமா? டிஸ்க் கோல்ஃப் தட்டு வாங்கும் முன் உங்கள் கையை ஒருமுறை பாருங்கள்!

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய் வந்தவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். பூங்காவில் நடந்துகொண்டே இருக்கும்போது, மரங்களுக்கு நடுவே ஒரு கம்பத்தில் இரும்புக் கூடை. அதற்கு மேலே சரம் சரமாகத் தொங்கும் சங்கிலிகள். குப்பைத் தொட்டி என்று நினைத்து வாழைப்பழத் தோலைப் போட்டவர்களும் உண்டு. அது குப்பைத் தொட்டி அல்ல, டிஸ்க் கோல்ஃப் கூடை!

கோல்ஃபில் பந்தும் மட்டையும் இருக்கும். இங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டு மட்டும்தான். ஒரு சிமென்ட் மேடையில் நின்று தட்டை வீச வேண்டும். அது விழுந்த இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். மிகக் குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தார். ஒரு மைதானத்தில் 9 அல்லது 18 கூடைகள் இருக்கும். பெரும்பாலும் பொதுப் பூங்காக்களில் இருப்பதால் கட்டணம் கிடையாது. வேர்க்க விறுவிறுக்க ஓடவும் வேண்டாம், வீசிவிட்டு நடக்கலாம். அதனால்தான் பேரனும் தாத்தாவும் சேர்ந்து ஆட முடிகிற விளையாட்டாக அது அங்கே இருக்கிறது.

இதன் பின்னால் சுவாரஸ்யமான ஒரு மனிதர் இருக்கிறார். ஃப்ரிஸ்பீ தட்டுகளைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக். 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் அமைந்தது இவர் முயற்சியில்தான். சங்கிலிக் கூடையும் இவருடைய கண்டுபிடிப்பே. 2002-ல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைக் கலந்து டிஸ்க்குகள் செய்தார்கள். நம்மூரில் அஸ்தியைக் கடலில் கரைப்போம். அவர் காற்றில் பறக்க ஆசைப்பட்டிருக்கிறார்!

ஹெட்ரிக் காலத்தில் எந்தத் தட்டை வாங்குவது என்ற குழப்பமே இல்லை. கடற்கரையில் வீசி விளையாடும் சாதாரண ஃப்ரிஸ்பீதான். 1983-ல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாகச் சீவியது போன்ற ஒரு டிஸ்க்கை வடிவமைத்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு போனது அது. இன்னோவா நிறுவனம் பிறந்தது அப்போதுதான். அன்றிலிருந்து விளிம்பு ஒவ்வொரு மில்லிமீட்டராக அகலமாகி, இன்று கடைக்குள் நுழைந்தால் புடவைக் கடை மாதிரி நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள். எல்லாவற்றின் மேலும் நான்கு எண்கள்.

அந்த நான்கு எண்கள்

உதாரணத்துக்கு, இன்னோவாவின் 'லெப்பர்ட்' என்ற டிஸ்க்கில் 6, 5, -2, 1 என்று இருக்கும். முதல் எண் வேகம். இது 1-லிருந்து 14 வரை போகும். இரண்டாவது எண் மிதப்பு, அதாவது காற்றில் எவ்வளவு நேரம் தங்கும் என்பது. மூன்றாவது, வீசியவுடன் வேகமாகப் போகும்போது எவ்வளவு திரும்பும் என்பது. நான்காவது, வேகம் குறைந்து இறங்கும்போது எவ்வளவு சாயும் என்பது. வலது கைக்காரர் பேக்ஹேண்டில் வீசினால், மூன்றாவது எண் மைனஸில் போகப்போக டிஸ்க் வலப்பக்கம் திரும்பும். நான்காவது எண் கூடக்கூட, கடைசியில் இடப்பக்கம் சாயும்.

இந்த எண்களை எந்தப் பொது அமைப்பும் அளந்து தருவதில்லை. அந்தந்த நிறுவனம் தானே போட்டுக்கொள்வது. செருப்புக் கடையில் ஒரு கம்பெனியின் 8-ம் நம்பரும் இன்னொன்றின் 8-ம் நம்பரும் ஒரே அளவில் இருக்காதே, அப்படித்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். புதிதாக வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் எண்ணைத் தப்பாகப் படிக்கிறார்கள் என்பது என் கணிப்பு. போனில் ரேம் கூட இருந்தால் நல்லது, கேமராவில் மெகாபிக்சல் கூட இருந்தால் நல்லது என்று பழகிய கண், இங்கேயும் 6-ஐவிட 12 இரண்டு மடங்கு தூரம் போகும் என்று நினைக்கிறது. அந்த எண் டிஸ்க் உங்களுக்குத் தரப்போவதைச் சொல்லவில்லை. உங்கள் கையிடம் அது கேட்பதைச் சொல்கிறது. 12 என்றால், 'என்னை இவ்வளவு வேகத்தில் வீசினால்தான் நான் ஒழுங்காகப் பறப்பேன்' என்று பொருள். அந்த வேகத்தைக் கொடுக்க முடியாத கை அதை வீசுவது, நின்றிருக்கும் வண்டியை ஐந்தாவது கியரில் எடுப்பது மாதிரி.

ஏன் அப்படி? டிஸ்க் சுழன்றுகொண்டே போகிறது. பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும், சுற்றுகிற பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் சாயாமல் வேறொரு பக்கம் சாயும். காற்று டிஸ்க்கின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கிறது. வலது கை பேக்ஹேண்டில் வீசிய டிஸ்க் உடனே இடப்பக்கம் சாய்கிறது. நல்ல வேகத்தில் போகும்போது காற்றின் அழுத்தம் பின்பக்கம் நகர்ந்துவிடுவதால் இந்தச் சாய்வு வராது. வேகம் குறைந்ததும் வரும். மெதுவாக வீசப்பட்ட 12-ம் எண் டிஸ்க்குக்கோ, கையை விட்ட நொடியிலேயே வேகம் குறைவுதான். அதனால் பத்தடி போவதற்குள் இடது பக்கம் வளைந்து, புதருக்குள் போய்விடுகிறது. வீசியவர் என்ன செய்வார்? இன்னும் பலமாக வீசுவார். டிஸ்க்கின் மூக்கு மேலே தூக்கும், இன்னும் சீக்கிரமாக இடது பக்கம் விழும். தோளும் முழங்கையும் வலிக்க ஆரம்பிக்கும்.

அம்மா வீசிய டிஸ்க்

என் அக்கா குடும்பம் நார்த் கரோலினாவின் சார்லட்டில் இருக்கிறது. போன வருடம் அம்மா ஆறு மாத விசாவில் அங்கே போயிருந்தார். முதல் இரண்டு வாரம் பேத்தி, பிறகு சமையல், பிறகு ஜன்னல். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு அங்கே வாசலைத் தாண்டினால் போக்கிடம் இல்லை. பிள்ளைகள் வீட்டில் தங்கியிருந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

அத்தான் அப்போதுதான் டிஸ்க் கோல்ஃபில் இறங்கியிருந்தார். வாங்கியது வேக எண் 13 டிஸ்க். சனிக்கிழமை காலை அம்மாவையும் கூட்டிப்போனார். "அத்தை, சும்மா நடந்து வாங்க, போதும்" என்றாராம். அவருடைய டிஸ்க் நாலு முறையும் காட்டுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் எல்லோருமாகத் தேடியிருக்கிறார்கள். அம்மாவிடம் வீசிப் பார்க்கச் சொல்லி அதே 13-ஐக் கொடுத்தபோது, அது அவர் காலடியிலேயே விழுந்தது. "எனக்கெல்லாம் இது வராது மாப்ளே" என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே ஆடிக்கொண்டிருந்த ஒரு முதியவர், தன் பையிலிருந்து ஒரு பட்டரை எடுத்து நீட்டியிருக்கிறார். பட்டர் என்பது கூடைக்குப் பக்கத்திலிருந்து போடுவதற்கான டிஸ்க். வேக எண் 2 அல்லது 3, விளிம்பு மழுங்கலாக இருக்கும். அம்மா வீசியது முப்பது மீட்டர் நேராகப் போயிருக்கிறது. புடவையும் ஸ்னீக்கர்ஸுமாக அவர் நிற்கும் வீடியோவை அக்கா அனுப்பியபோது, எனக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் தெரிந்தது. அதற்கப்புறம் சனிக்கிழமை எட்டு மணிக்கு, "கிளம்பலாமா?" என்று கேட்பது அம்மாவாகிவிட்டார். கை அதே கைதான், டிஸ்க் மட்டும்தான் மாறியது.

முதலில் தூரத்தை அளங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். யாரிடமாவது ஒரு பட்டரையோ நடுத்தர டிஸ்க்கையோ இரவல் வாங்கி, திறந்த மைதானத்தில் பத்து முறை வீசுங்கள். மிக நீளமாகப் போனதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவை எங்கே விழுந்திருக்கின்றனவோ, அதுதான் உங்கள் தூரம். கால்நடையாக அளந்தாலே போதும்.

60 மீட்டருக்குள் என்றால் பட்டரும் நடுத்தர டிஸ்க்கும் போதும். ஆசைக்கு ஒரு 6 அல்லது 7. 90 மீட்டர் வரை போகிறவர்கள் 7-லிருந்து 9 வரை தேடலாம். அதையும் தாண்டி நிதானமாக நேராக வீச வந்த பிறகுதான் 11, 12 பக்கம் போக வேண்டும். இதில் பிடியும் ஒரு விஷயம். 12-ம் எண் டிஸ்க்கின் விளிம்பு சுமார் 2.2 சென்டிமீட்டர் அகலம். சின்னக் கைகளுக்கு விரலால் வளைத்துப் பிடிப்பதே கஷ்டம். பிடி நழுவினால் மற்ற எண்கள் எல்லாம் வீண்.

எடையையும் பாருங்கள். கடையில் அதிகம் கிடைப்பவை 165-லிருந்து 175 கிராம் வரை. சிறுவர்களுக்கும், கையில் பலம் குறைந்தவர்களுக்கும் 150 கிராம் அளவில் இருப்பவை சுலபமாகப் பறக்கும். ஆனால் காற்றடிக்கும் நாளில் அவை நம் பேச்சைக் கேட்காது.

எந்தப் பக்கம் போகிறது?

தூரம் தெரிந்ததும் அடுத்த கேள்வி, உங்கள் டிஸ்க் எங்கே தப்பிக்கிறது என்பது. எப்போதும் இடப்பக்கமே விழுகிறது என்றால், மூன்றாவது எண் மைனஸில் இருக்கும் டிஸ்க்கைக் கேளுங்கள். மேலே சொன்ன லெப்பர்ட் இந்த வகை. அது முதலில் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி, கடைசியில் இடப்பக்கம் வந்து, மொத்தத்தில் நேராகப் போனது போல முடியும். மாறாக, நல்ல பலம் உள்ள கை வீசி, டிஸ்க் வலப்பக்கம் உருண்டு கவிழ்கிறது என்றால் மூன்றாவது எண் 0, நான்காவது எண் 2 அல்லது 3 இருப்பதைப் பாருங்கள்.

கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பவுண்டரியிலிருந்து பந்தெறிந்து பழகிய கைகளுக்கு, ஃபோர்ஹேண்ட் வீச்சு சீக்கிரம் வந்துவிடுகிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தித் தத்திப் போக விடுவோமே, கிட்டத்தட்ட அந்த அசைவுதான். இதில் டிஸ்க் எதிர்த்திசையில் சுற்றும். அதனால் கடைசிச் சாய்வு வலப்பக்கம் வரும். மணிக்கட்டை வெட்டி வீசுவதால் டிஸ்க் கையை விடும்போதே நடுங்கும். அந்த நடுக்கத்தைத் தாங்க, நான்காவது எண் கூடுதலாக உள்ள, உறுதியான டிஸ்க் வேண்டும். பேக்ஹேண்டுக்கு வாங்கிய மெல்லிய குணமுள்ள டிஸ்க்கை ஃபோர்ஹேண்டில் பலமாக வீசினால் கவிழ்ந்துவிடும். இடது கைக்காரர்கள் இந்தப் பத்திகளில் இடம் என்பதை வலம் என்றும், வலம் என்பதை இடம் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்காற்று வந்தால் டிஸ்க்குக்குத் தான் வேகமாகப் போவது போன்ற மயக்கம் வரும். வழக்கத்தைவிட அதிகம் திரும்பும். பின்காற்றில் நேர்மாறு, சீக்கிரமே சாயும். காற்று அதிகமுள்ள ஊரில் இருப்பவர்கள் ஓர் உறுதியான டிஸ்க்கைப் பையில் வைத்திருப்பது நல்லது.

பெரிய வீரர்களைப் பார்த்து வாங்குவதும் நடக்கிறது. பால் மெக்பெத் ஆறு முறை உலக சாம்பியன். 2021-ல் டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்துடன் பத்து வருடத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். 2016-ல் நெவாடா பாலைவனத்தில் பின்காற்றோடு 338 மீட்டர் வீசிய டேவிட் விக்கின்ஸ் ஜூனியரும் இருக்கிறார். இந்தக் கைகளுக்கு 12, 13 எல்லாம் தேவைதான். ஆனால் போட்டி வீடியோக்களைக் கவனித்துப் பாருங்கள். கூடை பக்கத்தில் இருந்தால், முதல் வீச்சுக்கே அவர்களும் பட்டரைத்தான் எடுக்கிறார்கள்.

பணம் எவ்வளவு?

சாதாரண பிளாஸ்டிக்கில் ஒரு டிஸ்க் சுமார் 10 டாலர். உயர்தரம் 20 டாலரை ஒட்டி வரும். முதல் முறை வாங்குகிறவர்களுக்கு என் ஓட்டு சாதாரண பிளாஸ்டிக்குக்கே. கையில் நன்றாகப் பிடிபடும். மரத்தில் மோதி மோதி விளிம்பு தேய்ந்தால், டிஸ்க் மெல்ல மெல்லக் குணம் மாறி, முன்பைவிட அதிகமாகத் திரும்ப ஆரம்பிக்கும். இது குறை அல்ல. பல பேர் அப்படித் தேய்ந்த டிஸ்க்கைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பட்டர், நடுத்தரம், 6 அல்லது 7 வேகத்தில் ஒன்று என மூன்று போதும். இந்த மூன்றும் சேர்ந்த ஆரம்பப் பையாகவே கடைகளில் கிடைக்கும்.

நிறத்துக்கு மட்டும் பச்சை வேண்டாம், புல்லில் தேடி மாளாது. ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நல்லது. அடிப்பக்கத்தில் பெயரையும் போன் நம்பரையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள்; கண்டெடுப்பவர் கூப்பிட்டுச் சொல்வது அங்கே வழக்கம். பெரும்பாலான டிஸ்க்குகள் தண்ணீரில் மூழ்கிவிடும் என்பதால், கூடைக்கு முன்னால் குளம் இருந்தால் பையில் இருப்பதிலேயே பழையதை எடுத்து வீசுங்கள்.