புரோ கபடி ஏலமும் தடுப்பாட்ட அமைப்பும்

புரோ கபடி லீக் தொடருக்கு முன் நடக்கும் வீரர்கள் ஏலத்தில் ரைடர்களுக்குக் கிடைக்கும் தொகையே செய்தித் தலைப்பாகிறது. ரைடர் என்பவர் பாடிச் சென்று தொட்டுவிட்டு வருபவர். அவர் தனி ஆள். அவரை எந்த அணி வாங்கினாலும் பெரும்பாலும் தன் பாணியிலேயே ஆடிவிடலாம். தடுப்பாட்டக்காரரின் நிலை வேறு. பக்கத்தில் நிற்பவர் யார், அணி எந்த முறையில் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தே அவருடைய மதிப்பு கூடும் அல்லது குறையும். ஆகவே தடுப்பாட்டக்காரரை வாங்கும் அணி முதலில் தன் அமைப்பை முடிவு செய்துகொண்டு, பிறகுதான் ஆளைத் தேட வேண்டும்.

நிற்கும் இடங்கள்

ஆண்கள் கபடி ஆடுகளத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். இரு ஓரங்களிலும் உள்ள 1 மீட்டர் லாபியை, ரைடரைத் தொடும் வரை பயன்படுத்த முடியாது. ஆகவே 8 மீட்டர் அகலத்தில் ஏழு பேர் வளைவாக நிற்கிறார்கள். இரு முனைகளிலும் நிற்பவர்கள் இடது கார்னர், வலது கார்னர். அவர்களுக்கு அடுத்து உள்ளே இருவர், அதற்கடுத்து இடது கவர், வலது கவர், நடுவில் ஒருவர். இந்த உள் இடங்களிலும் நடுவிலும் பெரும்பாலும் அணியின் ரைடர்களே நிற்பார்கள். ஆக, பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நான்கு பேர்: இரண்டு கார்னர், இரண்டு கவர்.

கார்னரின் ஆயுதம் கணுக்கால் பிடியும் தொடைப் பிடியும். ரைடர் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும் கண நேரத்தில் தாழ்ந்து பாய வேண்டும். நீண்ட கையும் விரல் பிடியும் பொறுமையும் இதற்குத் தேவை. கவரின் வேலை, திரும்பி ஓடும் ரைடரின் வழியை மறிப்பது (பிளாக்), அல்லது தோளால் இடித்து எல்லைக்கு வெளியே தள்ளுவது (டேஷ்). இதற்கு எடையும் தோள் வலுவும் வேண்டும். ஆனால் ஆண்களுக்கு 85 கிலோ என்ற எடை வரம்பு இருப்பதால், வெறும் பருமனை வைத்து யாரும் கவர் ஆகிவிட முடியாது.

இரண்டு வகை அமைப்பு

பொதுவாக அணிகள் இரண்டு விதமாகத் தடுக்கின்றன. ஒன்று, கார்னர் தொடங்கிவைக்கும் முறை. கார்னர் காலைப் பிடித்தவுடன் அந்தப் பக்கத்துக் கவர் ஓடிவந்து மேல் உடம்பைக் கட்டிவிடுவார். மற்றொன்று, கவர்கள் முன்னேறித் தாக்கும் முறை. இதில் கார்னர்கள் வளைவைக் காத்து, ரைடரை உள்நோக்கித் திருப்பிவிட்டால் போதும்.

முதல் முறைக்கு, கார்னரின் தோள் அசைவைப் பார்த்தே அவர் பாயப்போவதை அறியும் கவர் வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் ரைடர் கார்னரை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். கவர் பிழை செய்தாலும் புள்ளிவிவரத்தில் அது கார்னரின் தோல்வி என்றே பதிவாகும். மாறாக, நல்ல கவர் சரியான நேரத்தில் வந்து கட்டினாலும், ஒரு பிடிக்குரிய டேக்கிள் புள்ளி பிடியைத் தொடங்கிய ஒருவர் பெயரில்தான் சேரும். துணை வந்தவர் அட்டவணையில் தெரியவே மாட்டார். ஏலத்தில் அட்டவணையை மட்டும் பார்த்து வாங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே விளங்கும்.

களத்தில் மூவரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அந்த நேரத்தில் சங்கிலியாகக் கைகோக்க ஆள் இருக்காது. தனியாகப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒரு கார்னராவது அணியில் இருப்பது நல்லது.

இணையாக வாங்குதல்

இடது கார்னர் சுரேந்தர் நாடாவும் வலது கார்னர் மோஹித் சில்லரும் இதற்குத் தெளிவான உதாரணம். 2015-இல் பட்டம் வென்ற யு மும்பா அணியில் இவர்கள் இணையாக ஆடினார்கள். பின்னர் பெங்களூரு புல்ஸ், அதன்பின் ஹரியானா ஸ்டீலர்ஸ் என்று அணி மாறியபோதும் இருவரும் சேர்ந்தே இருந்தார்கள். அந்த அணிகள் வாங்கியது இரண்டு ஆட்களை மட்டும் அல்ல, அவர்களுக்கிடையே பல ஆண்டுகளாக வளர்ந்த புரிதலையும்தான்.

நல்ல கார்னருக்குப் பெரும் பணம் கொடுக்க அணிகள் தயங்குவதில்லை. 2018 ஏலத்தில் 1 கோடி ரூபாயை முதலில் எட்டியவர் ரைடர் அல்ல. ஈரான் நாட்டு இடது கார்னர் ஃபசல் அத்ராச்சலி. பத்தாவது தொடருக்காகப் புனேரி பல்தான் அணி மற்றோர் ஈரானிய இடது கார்னரான முகமதுரேசா ஷாத்லூயியை 2.35 கோடிக்கு வாங்கியது. ஓர் அணியின் மொத்தச் செலவு வரம்பே அப்போது 5 கோடிதான். ஏறக்குறைய பாதித் தொகை ஒருவருக்கே! ஆனால் வலது கார்னரில் கௌரவ் கத்ரி, கவர்களில் சங்கேத் சாவந்த், தமிழ்நாட்டைச் சேர்ந்த அபினேஷ் நடராஜன் என்று மற்ற மூன்று இடங்களும் நிரம்பியிருந்ததால் அந்தக் கணக்கு பலித்தது. ஷாத்லூயி 99 டேக்கிள் புள்ளிகள் எடுத்தார். 2024 மார்ச் 1 அன்று புனேரி 28–25 என்று ஹரியானாவை வென்று முதல்முறையாகப் பட்டம் பெற்றது.

தமிழ் தலைவாஸ்

2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர் என்று பெரிய பெயர்களைத் திரட்டிய தமிழ் தலைவாஸ், பன்னிரண்டு அணிகளில் கடைசி இடத்தில் முடித்தது. தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பெயர்களைச் சேர்த்த அளவுக்கு இணைகளைச் சேர்க்கவில்லை என்பது என் கருத்து.

அடுத்த தொடரில் வலது கார்னர் சாகர் 82 டேக்கிள் புள்ளிகளுடன் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தார். அவரோடு இடது கார்னர் சாஹில் குலியாவையும் கவர் எம். அபிஷேக்கையும் அணி விட்டுவிடாமல் வைத்துக்கொண்டது. 2022 ஏலத்தில் 2.26 கோடிக்கு வாங்கிய ரைடர் பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து தொடரிலிருந்து விலகினார். பணத்தின் பெரும்பகுதி வெளியே உட்கார்ந்திருக்க, இளம் ரைடர் நரேந்தரும் இந்தத் தடுப்பு வரிசையும் அணியை முதல்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுசென்றனர். அங்கே புனேரியிடம் 37–39 என்று தோற்றது.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஒப்புமை

அமெரிக்கக் கால்பந்தில் பந்துடன் ஓடுபவருக்கு வழி அமைத்துத் தருவது, முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேரின் வேலை. கபடியில் தடுப்பவர் ஓடுபவரைப் பிடிக்கிறார். அங்கே இவர்கள் பிடிக்க வருபவர்களை மறிக்கிறார்கள். எனினும் ஆள் தேடும் கணக்கு ஒன்றுதான். எதிரில் நிற்பவரை நேராக மோதித் தள்ளும் முறையில் ஆடும் அணி 140 கிலோ மலைகளைத் தேடும். ஐவரும் ஒரே திசையில் பக்கவாட்டில் நகர்ந்து, தம் பகுதிக்குள் வருபவரை மறிக்கும் முறையில் ஆடும் அணிக்கு, சற்றே எடை குறைந்தாலும் கால் வேகம் உள்ளவர் போதும். 1990-களில் டென்வர் பிராங்கோஸ் இந்த இரண்டாவது முறையைப் பின்பற்றியது. புதிய வீரர்களைச் சுற்று முறையில் எடுக்கும் 1994 தேர்வில், மற்ற அணிகள் கடைசிச் சுற்றான ஏழாவது சுற்றுவரை விட்டுவைத்த டாம் நாலன் அங்கே முன்வரிசையின் நடுத்தூண் ஆனார். 1998, 1999 ஜனவரிகளில் அந்த அணி அடுத்தடுத்து சூப்பர் பவுல் வென்றது.

பள்ளித் தேர்வுகளில்

குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் நான் பார்த்தவரை, அணித் தேர்வு என்றால் மாணவர்களை ஒவ்வொருவராகப் பாடச் சொல்வதுதான் வழக்கம். பிடிப்பவர்கள் கிடைத்த இடத்தில் நிற்பார்கள். கார்னரில் பழகிய பையன் கவரில் நின்றால் அவன் திறமை தெரியாது. அவன் பெயர் பட்டியலில் வராது. உடற்கல்வி ஆசிரியர்கள் நான்கு பேரை ஒரே அணியாக நிறுத்தி, இடம் மாற்றாமல் பத்து ரைடாவது கொடுத்துப் பார்க்கலாம். பிறகு ஒரு கவரை மட்டும் மாற்றி மீண்டும் பத்து. எந்தக் கார்னர் எந்தக் கவரோடு நன்றாகப் பிடிக்கிறான் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.